திருவனந்தபுரத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்? குமரி மாவட்டத்து வீடுகளில் அடிக்கடி எழும் விமானக் கேள்விகள்

எங்கள் மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. ஆனால் துபாயிலோ தோகாவிலோ சிங்கப்பூரிலோ ஒருவர் இல்லாத தெரு இங்கே அபூர்வம். மகன் எத்தனை மணிக்கு இறங்குவான், அங்கே அப்போது என்ன நேரம், நாம் எப்போது வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும் என்று சொந்தக்காரர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும் என்னிடம் கேட்டபடியே இருப்பார்கள். வாயால் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். கணக்கு ஒரு முறை பிடிபட்டுவிட்டால் காகிதமும் பேனாவும் போதும், யாரையும் கேட்க வேண்டியதில்லை.

விமான தூரம் என்று சொல்வது எதை?

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போக வேண்டுமென்றால் தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை என்று சாலை போகும் வழியில்தான் போக முடியும். வளைவு, திருப்பம் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 70 கி.மீ. ஆகிறது. ஆகாயத்தில் அப்படிச் சாலை இல்லை. அதனால் விமான தூரம் என்று எல்லோரும் குறிப்பிடுவது, இரண்டு ஊர்களுக்கு இடையே பூமியின் மேற்பரப்பில் போகக்கூடிய மிகக் குறுகிய பாதையின் நீளத்தை. இதற்குப் பெருவட்டத் தூரம் என்று பெயர்.

நம் கடற்கரை ஊர்களில் கால்பந்து இல்லாத வீடு குறைவு. ஒரு பந்தை எடுத்து அதன்மேல் இரண்டு புள்ளி வையுங்கள். இரண்டையும் தொடும்படி ஒரு நூலை இறுக்கிப் பிடியுங்கள். நூல் தானாகவே எங்கே போய்ப் படிகிறதோ அதுதான் பெருவட்டப் பாதை. அந்த நூலை அப்படியே நீட்டிக்கொண்டு போனால் பந்தைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும்.

அப்படியானால் வரைபடத்தில் விமானப் பாதை வில் மாதிரி வளைந்து தெரிவது ஏன்?

வளைந்திருப்பது பாதை இல்லை, வரைபடம்தான். உருண்டையைத் தட்டையான தாளில் விரித்தால் துருவத்தை ஒட்டிய பகுதிகள் இழுபட்டுப் பெரிதாகிவிடும். அதனால் உருண்டையில் நேராக இருப்பது தாளில் வளைவாகத் தெரிகிறது.

2021 ஜனவரியில் ஏர் இந்தியாவின் பெண் விமானிகள் மட்டுமே கொண்ட குழு ஒன்று சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு வட துருவத்தின் மேலாக விமானத்தை ஓட்டி வந்தது நினைவிருக்கலாம். தாள் வரைபடத்தைப் பார்த்தால் பசிபிக் கடலைக் குறுக்கே கடப்பதுதான் சுருக்கம் என்று தோன்றும். பந்தில் நூல் வைத்துப் பாருங்கள், நூல் வடக்கே ஏறி துருவத்துப் பக்கமாகப் போகும்.

தூரத்தை நானே கணக்குப் போட முடியுமா?

முடியும். பத்தாம் வகுப்பில் படித்த சைன், காஸ் ஞாபகம் இருந்தால் போதும். போனில் இருக்கும் கால்குலேட்டரைப் பக்கவாட்டில் திருப்பினால் அந்தப் பொத்தான்கள் பெரும்பாலும் வந்துவிடும். டிகிரி முறையில் வைத்துக்கொள்ளுங்கள். இதை மறந்தால் விடை முழுக்கத் தப்பாகிவிடும்.

முதலில் இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை வேண்டும். திருவனந்தபுரம் வடக்கு 8.48, கிழக்கு 76.92. துபாய் வடக்கு 25.25, கிழக்கு 55.36. தீர்க்கரேகைகளின் வித்தியாசம் 21.56 டிகிரி.

இரண்டு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்குங்கள். 0.1475 × 0.4266 = 0.0629. இது ஒரு பக்கம் இருக்கட்டும். அப்புறம் இரண்டு அட்சரேகைகளின் காஸ் மதிப்புகளையும் தீர்க்கரேகை வித்தியாசத்தின் காஸ் மதிப்பையும் சேர்த்துப் பெருக்குங்கள். 0.9891 × 0.9045 × 0.9300 = 0.8320. இரண்டையும் கூட்டினால் 0.8949. எந்தக் கோணத்தின் காஸ் இந்த எண் என்று தலைகீழ் காஸ் (cos⁻¹) பொத்தானை அழுத்திப் பார்த்தால் 26.5 டிகிரி வரும்.

பூமியின் மையத்திலிருந்து பார்த்தால் திருவனந்தபுரமும் துபாயும் 26.5 டிகிரி விலகி இருக்கின்றன என்று அர்த்தம். பூமியின் மேற்பரப்பில் ஒரு டிகிரி என்பது 111.2 கி.மீ. 26.5ஐ அதனால் பெருக்கினால் 2,947. சரி, 2,950 கி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு ஊர் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருந்தால் அதன் அட்சரேகைக்குக் கழித்தல் குறி போட வேண்டும். லண்டனைத் தாண்டி மேற்கே போனால் தீர்க்கரேகைக்கும் அப்படியே. கணக்குத் தப்பாகும் இடங்களில் பாதி இந்தக் குறியில்தான்.

சைன், காஸ் எல்லாம் வராது. சுலபமான வழி ஏதும் உண்டா?

வளைகுடா, சிங்கப்பூர் அளவுக்கு உண்டு. செங்கோண முக்கோணக் கணக்கு போதும். துபாய்க்கு அட்சரேகை வித்தியாசம் 16.77 டிகிரி. 111ஆல் பெருக்கினால் வடக்குத் தெற்காக ஏறக்குறைய 1,860 கி.மீ. கிழக்கு மேற்காக ஒரு டிகிரியின் நீளம் வடக்கே போகப் போகக் குறையும். நம் ஊர்ப் பக்கம் சுமார் 110 கி.மீ., துபாய்ப் பக்கம் சுமார் 101. இரண்டுக்கும் நடு அட்சரேகையில் இருக்கும் 106ஐ எடுத்துக்கொண்டால் 21.56க்கு ஏறக்குறைய 2,290 கி.மீ. இரண்டையும் வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 2,950 கி.மீ. பெரிய கணக்கில் வந்த அதே எண்.

ஆனால் லண்டனுக்கு இந்த வழி உதவாது. திருவனந்தபுரத்திலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்குப் பெருவட்டத் தூரம் ஏறக்குறைய 8,400 கி.மீ. முக்கோணக் கணக்கு 8,850 காட்டும். கன்னியாகுமரியிலிருந்து மதுரை போகும் தூரத்தை விடவும் அதிகமான பிழை இது. தூரம் கூடக் கூடப் பூமியின் உருண்டை வடிவம் கணக்கில் கை வைத்துவிடும்.

ஒரு டிகிரிக்கு 111 கி.மீ. என்பதை யார் அளந்தார்கள்?

இந்தக் கேள்வியை ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை என்னிடம் கேட்டாள். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, ஏனென்றால் விடையில் நம் மாவட்டத்துக்கும் பங்கு உண்டு. 1802இல் ஆங்கிலேய அதிகாரி வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலைப் பக்கம் ஒரு அடிக்கோட்டை, அதாவது மற்ற அளவுகளுக்கெல்லாம் அடிப்படையான நேர்கோட்டை, சங்கிலி போட்டு அளந்து ஒரு பெரும் நில அளவையைத் தொடங்கினார். அந்த வேலை பின்னர் கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து இமயமலை அடிவாரம் வரை, 78ஆவது தீர்க்கரேகையை ஒட்டி, சுமார் 2,400 கி.மீ. நீண்டது. லாம்டன் 1823இல் இறந்த பிறகு ஜார்ஜ் எவரெஸ்ட் அதைத் தொடர்ந்தார். தரையில் ஒரு டிகிரி அட்சரேகை எவ்வளவு நீளம், அது தெற்கிலும் வடக்கிலும் ஒன்றா என்பதை அறிவது அந்த வேலையின் முக்கிய நோக்கங்களில் ஒன்று.

ஒன்றில்லை. நம் ஊர்ப் பக்கம் ஒரு டிகிரி 110.6 கி.மீ., துருவத்தில் 111.7 கி.மீ. பூமி துருவங்களில் கொஞ்சம் தட்டையாக இருப்பதே காரணம். இதனால் மேலே சொன்ன கணக்கில் வரும் பிழை அரை சதவீதத்துக்குள் அடங்கிவிடும். ஆளை அழைக்கப் போகிறவர் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

விமானத்தில் நாட்டிக்கல் மைல் என்கிறார்களே, அது வேறு மைலா?

வேறுதான். ஒரு நாட்டிக்கல் மைல் 1.852 கி.மீ. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்து ஆழ்கடல் மீனவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதே இல்லை. ஜி.பி.எஸ். கருவியைப் பார்த்துக் கடலில் அவர்கள் சொல்வதும், விமானி ஆகாயத்தில் சொல்வதும் ஒரே அளவு. 2017இல் ஓகி புயல் அடித்த நாட்களில், கரையிலிருந்து எத்தனை நாட்டிக்கல் மைல் தள்ளிப் படகு நிற்கிறது என்று இங்கே தாய்மார்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

இந்த அளவின் அழகு என்னவென்றால் ஒரு டிகிரியில் ஏறக்குறைய 60 நாட்டிக்கல் மைல். அதனால் மேலே வந்த 26.5 டிகிரியை 60ஆல் பெருக்கினால் துபாய் 1,590 நாட்டிக்கல் மைல். மணிக்கு ஒரு நாட்டிக்கல் மைல் வேகம்தான் ஒரு நாட்.

இணையதளம் காட்டும் தூரமே விமானம் பறக்கும் தூரமா?

இல்லை, பறப்பது எப்போதும் கொஞ்சம் கூடுதல். புறப்படும்போது காற்றை எதிர்த்து எழும்பிவிட்டுத் திரும்ப வேண்டும். ஆகாயத்தில் குறிக்கப்பட்ட வழித்தடங்களை ஒட்டிப் போக வேண்டும். மழைமேகத்தைச் சுற்ற வேண்டும், இறங்கும் இடத்தில் வரிசையில் நிற்க வேண்டும். வளைகுடாப் பயணத்துக்கு 4 சதவீதம் கூட்டிக்கொள்வது என் வழக்கம். துபாய் 2,950 என்பது 3,070 ஆகும்.

சில சமயம் ஒரு நாடு தன் வான்வெளியை மூடிவிட்டால் சுற்று பெரிதாகும். 2019 பிப்ரவரி முதல் ஜூலை வரை பாகிஸ்தான் அப்படி மூடியிருந்தது. 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்கு மறுபடியும் மூடியது. டெல்லியிலிருந்து ஐரோப்பா போகும் விமானங்களுக்கு அது பெரிய சுற்று. திருவனந்தபுரத்திலிருந்து வளைகுடா போகும் பாதை அரபிக்கடலின் மேலே போவதால் நமக்கு அந்தச் சிரமம் வரவில்லை.

தூரம் தெரிந்துவிட்டது. நேரம் எப்படி?

வேகத்தால் வகுத்து அரை மணி கூட்டுங்கள். வளைகுடாவுக்கு அதிகம் ஓடும் ஒற்றை நடைபாதை விமானங்கள், அதாவது ஏர்பஸ் 320, போயிங் 737 வகைகள், உயரத்தில் மணிக்குச் சுமார் 830 கி.மீ. வேகத்தில் போகும். போயிங் 777, 787 போன்ற பெரியவை சுமார் 900. துபாய்க்கு 3,070ஐ 830ஆல் வகுத்தால் 3 மணி 42 நிமிடம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மெல்ல மேலேறுவது, இறங்கி வாசலில் வந்து நிற்பது எல்லாவற்றுக்குமாக 30 நிமிடம். மொத்தம் 4 மணி 12 நிமிடம்.

டிக்கெட்டில் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டிருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். டிக்கெட் நேரம் என்பது விமானம் நிற்குமிடத்திலிருந்து அசையும் நிமிடம் முதல் அங்கே போய் நிற்கும் நிமிடம் வரை. நெரிசலை நினைத்து நிறுவனங்கள் அதில் சில நிமிடங்களைச் சேர்த்தே போடுகின்றன.

போகும்போது ஒரு நேரம், வரும்போது ஒரு நேரம். பூமி சுழல்வதாலா?

நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். பூமியோடு சேர்ந்து காற்றும் சுழல்கிறது, அந்தக் காற்றுக்குள்தான் விமானம் பறக்கிறது. ஓடுகிற ரயிலுக்குள் நீங்கள் முன்னே நடந்தாலும் பின்னே நடந்தாலும் ஒரே சிரமம்தானே, அதுபோல. வித்தியாசம் வருவது மேலே வீசும் காற்றால்.

குளிர்காலத்தில் அரேபியா, வட இந்தியா மேலாக மேற்கிலிருந்து கிழக்காக ஒரு வலுத்த காற்று ஓடும். வளைகுடாவிலிருந்து ஊருக்கு வரும்போது அது பின்னாலிருந்து தள்ளும், போகும்போது முகத்தில் அடிக்கும். சராசரியாக மணிக்கு 60 கி.மீ. காற்று என்று வைத்துப் பாருங்கள். எதிரே அடித்தால் 3,070ஐ 770ஆல் வகுக்க வேண்டும், ஏறக்குறைய 4 மணி நேரம். பின்னால் தள்ளினால் 890ஆல், 3 மணி 27 நிமிடம். அரை மணி நேர வித்தியாசம் வந்துவிட்டது.

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் நிலைமை மாறும். தென்னிந்தியாவின் மேலே உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு தாரைக்காற்று, அதாவது குறுகிய தடத்தில் வேகமாக ஓடும் காற்று, வீசும். அதை 1958இல் விளக்கி எழுதியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம். கீழே நம் முற்றத்தில் சாரல் தென்மேற்கிலிருந்து அடிக்கும் அதே நாளில், தலைக்கு மேலே பத்துப் பன்னிரண்டு கி.மீ. உயரத்தில் காற்று நேர் எதிர்த் திசையில் ஓடிக்கொண்டிருக்கும்.

சிங்கப்பூர் துபாயைவிட ரொம்ப தூரமா?

இல்லை. சிங்கப்பூர் 3,100 கி.மீ., துபாய் 2,950. குமரி மாவட்டம் இரண்டுக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கிறது. தோகா 3,265 கி.மீ., சிங்கப்பூரை விடவும் தள்ளி.

சிங்கப்பூர் தூரம் என்று தோன்றுவதற்குக் கடிகாரம்தான் காரணம். இரண்டு விமானங்களும் திருவனந்தபுரத்திலிருந்து காலை 10 மணிக்குக் கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். துபாய் விமானம் நம் நேரம் 2.12க்கு இறங்கும். அங்கே நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் இருப்பதால் அங்கத்திய கடிகாரத்தில் மதியம் 12.42. சிங்கப்பூர் விமானம் நம் நேரம் 2.23க்கு இறங்கும். அங்கே இரண்டரை மணி நேரம் முன்னால், ஆகவே மாலை 4.53. கடிகாரத்தை மட்டும் பார்த்தால் துபாய் பயணம் மூன்று மணிக்கும் குறைவு, சிங்கப்பூர் பயணம் ஏழு மணிக்கு நெருக்கம். இருக்கையில் உட்கார்ந்திருந்த நேரம் என்னவோ இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

சவூதி, கத்தார், பஹ்ரைன், குவைத் எல்லாம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். அமீரகமும் ஓமனும் ஒன்றரை. இந்த இரண்டு எண்களை மனப்பாடம் செய்துவிட்டால் வளைகுடா முழுக்க முடிந்தது, அங்கே கோடைக்காலத்துக்கென்று கடிகாரத்தை மாற்றும் வழக்கமும் இல்லை. லண்டனுக்கு அப்படியில்லை. மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நாலரை மணி நேரம், மற்ற மாதங்களில் ஐந்தரை.

இடையில் மாறிப் போகும் பயணத்துக்கு மொத்த நேரம் எப்படி?

இரண்டு முனைகளையும் ஒரே கடிகாரத்துக்குக் கொண்டுவந்து கழியுங்கள். மகள் குளிர்காலத்தில் திருவனந்தபுரத்திலிருந்து அதிகாலை 4 மணிக்குக் கிளம்பி, அதே தேதி டொரண்டோவில் பிற்பகல் 3.30க்கு இறங்குவதாக டிக்கெட் சொல்கிறது. பதினொன்றரை மணி நேரம்தானே என்று நிம்மதி அடைய வேண்டாம். டொரண்டோ குளிர்காலத்தில் நம்மைவிடப் பத்தரை மணி நேரம் பின்னால். அதையும் கூட்டினால் 22 மணி நேரம். பிள்ளைக்குக் கட்டிக்கொடுக்கும் சாப்பாட்டை இந்த எண்ணை வைத்துத் தீர்மானியுங்கள்.

டிக்கெட்டில் 15ஆம் தேதி 02.30 என்று இருக்கிறது. எந்த இரவு?

14ஆம் தேதி இரவு. இந்த ஒரு கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்தேன்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் மைனியும் இரண்டு பிள்ளைகளும் அண்ணனிடம் போகக் கிளம்பினார்கள். 12ஆம் தேதி 01.15 விமானம். 12ஆம் தேதி பகல் முழுக்க முந்திரிக்கொத்தும் சிப்ஸும் கருப்பட்டியும் கட்டினோம். சாயங்காலம் கார் பிடித்து இரவு 10 மணிக்கு விமான நிலைய வாசலில் இறங்கினோம். விமானம் போய் ஏறக்குறைய 21 மணி நேரம் ஆகியிருந்தது. டிக்கெட்டில் தப்பில்லை, எங்களில் ஐந்தாறு பேர் அதைப் பார்த்திருந்தோம். இரவு என்றால் விளக்கு வைத்த பிறகு வருவது என்று எல்லோர் மனமும் படித்துக்கொண்டது. சின்னவன் அப்பா வரமாட்டாரா என்று கேட்டு வழி முழுக்க அழுதான். புது டிக்கெட் எடுக்க மைனியின் வளையல் போனது.

அதனால் நள்ளிரவு 12 முதல் விடியற்காலை 5 வரை எந்த நேரம் இருந்தாலும், முந்தின நாள் தேதியையும் கிழமையையும் பெரிதாக எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டுங்கள். "செவ்வாய்க்கிழமை ராச்சாப்பாடு முடிந்ததும் புறப்பாடு" என்று எழுதினால் பாட்டிக்கும் புரியும்.

நாகர்கோவிலிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

பின்னாலிருந்து எண்ணுங்கள். 02.30 விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால், அதாவது 11.30க்கு உள்ளே இருக்க வேண்டும். சாலைக்கு இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். மார்த்தாண்டத்தில் மேம்பாலம் வந்த பிறகும் குழித்துறை, களியக்காவிளை, பாலராமபுரம் வழியில் ஒரு திருவிழா, ஒரு ஊர்வலம் போதும், அரை மணி போய்விடும். ஆக இரவு 9க்கு முன் கார் நகர வேண்டும். எட்டரை என்று சொல்லிவைத்தால் ஒன்பதுக்கு நகரும். மார்த்தாண்டத்துக்காரர்களுக்கு ஒரு மணி நேரம் மிச்சம்.

இன்னும் இரண்டு விஷயம். திருவனந்தபுரத்தில் இரண்டு முனையங்கள் ஓடுபாதையின் இரு பக்கமாக இருக்கின்றன, சங்குமுகம் பக்கம் ஒன்று, சாக்கை பக்கம் ஒன்று. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்து போக முடியாது, சாலையில் சுற்ற வேண்டும். வெளிநாட்டு விமானங்கள் சாக்கை பக்கம். உள்நாட்டு விமானத்துக்கு டிக்கெட்டில் முனைய எண்ணைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

அப்புறம் ஆறாட்டு. சாமியைக் கடலில் நீராட்டக் கொண்டுபோகும் பத்மநாபசுவாமி கோயிலின் ஆறாட்டு ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்துதான் சங்குமுகம் கடற்கரைக்குப் போகிறது. வருடத்தில் இரண்டு முறை, பங்குனியிலும் ஐப்பசியிலும், அதற்காகச் சில மணி நேரம் விமானங்களை நிறுத்துவார்கள். அன்றைய விமானங்களுக்கு நேரம் மாற்றி அறிவிப்பு வரும், போனுக்கு வரும் செய்திகளைப் படிக்காமல் அழிக்காதீர்கள்.

விமானம் இறங்கியாச்சு என்று போன் காட்டுகிறது. பையன் எப்போது வெளியே வருவான்?

சக்கரம் தரையைத் தொட்டதிலிருந்து ஒரு மணி நேரம் என்று எண்ணுங்கள். குடியேற்றச் சோதனை, பெட்டி, சுங்கம் மூன்றும் அதில் அடங்கும். ஒரே நேரத்தில் மூன்று விமானம் இறங்கினால் ஒன்றரை மணி நேரமும் ஆகும். விமானத்தைப் பின்தொடரும் செயலிகளில் சில நேரம் உலகப் பொது நேரத்தை (UTC) காட்டும். அப்படியிருந்தால் ஐந்தரை மணி நேரம் கூட்டிப் படியுங்கள். 22.10 என்று காட்டினால் நமக்கு விடியற்காலை 3.40, தேதியும் அடுத்த நாள். வெளியே கட்டன் சாயா கிடைக்கும். போனில் சார்ஜ் மட்டும் மிச்சம் வையுங்கள், வெளியே வந்ததும் பையன் முதலில் கூப்பிடுவது உங்களைத்தான்.